இம்பாக்ட் ட்ரைவர் பிட்: தலை மழுங்கிய ஸ்க்ரூக்களோடு நான் பட்ட பாடு

ஸ்க்ரூ இறக்கும் மெஷினான இம்பாக்ட் ட்ரைவர் வாங்கலாம் என்று முடிவெடுத்து நாலு பேரிடம் விசாரித்தபோது எல்லோரும் மோட்டாரைப் பற்றித்தான் சொன்னார்கள். பிரஷ்லெஸ்ஸா பார், பேட்டரி எத்தனை ஆம்பியர் ஹவர் பார், டார்க் (முறுக்கு விசை) எவ்வளவு பார் என்றார்கள். அதன் முனையில் மாட்டும், ஸ்க்ரூ தலையில் செருகித் திருகும், விரல் நீளம்கூட இல்லாத பிட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத் தளமும், அதற்கு மேல் இரும்புச் சட்டத்தில் ஷீட் கூரையும் நானே போட்டு முடித்த பிறகு கணக்குப் பார்த்தேன். வீணான பிட்கள், தலை மழுங்கிய ஸ்க்ரூக்கள், அவற்றைத் தோண்டி எடுக்கப்போய்ப் பாழான பலகைகள் எல்லாம் சேர்ந்து மெஷின் விலையில் பாதியைத் தாண்டிவிட்டது. வேலையும் நினைத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுத்தது. கூடமாட ஆள் இல்லாமல் தனியாகச் செய்த வேலை. ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது என்ற ஆதங்கம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

மெஷினோடு சேர்த்து ஒரு பெரிய பிட் செட்டும் வாங்கியிருந்தேன். பெட்டியின் மேல் 'இம்பாக்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே பிட்கள் பொன் நிறத்தில் பளபளத்தன. 5 மில்லிமீட்டர் தடிமன், 80 மில்லிமீட்டர் நீளம் உள்ள ஸ்க்ரூக்களைக் கெட்டியான மரத்தில் இறக்க வேண்டும். முதல் சில ஸ்க்ரூக்கள் அழகாக இறங்கின. அப்புறம் தலை பலகையைத் தொட இன்னும் ஒரு விரல் அளவு இருக்கும்போது பிட் வழுக்கத் தொடங்கியது. தட்டும் சத்தம் மாறி 'டர்ர்' என்று அரைக்கும் சத்தம் வரும். விசையை விடுவதற்குள் ஸ்க்ரூ தலையின் குழி வட்டக் கிண்ணமாகிவிடும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஒரு வரிசையில் இப்படி ஒன்று நின்றாலே அடுத்த பலகையை வைக்க முடியாது. அன்று சாயங்காலம் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, இந்த வேலை நமக்குச் சரிப்படாதோ என்று உட்கார்ந்துவிட்டேன். மெஷின் கெட்டுவிட்டதோ என்றும் சந்தேகம். இரண்டும் இல்லை.

பிட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த மெஷின் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ட்ரில் ட்ரைவர் சீராகத் திருகும். அதில் கிளட்ச் இருக்கிறது; அளவுக்கு மேல் இறுகினால் 'கடகட' என்று விட்டுக்கொடுத்துவிடும். இம்பாக்ட் ட்ரைவரில் அந்தக் கிளட்ச் கிடையாது. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு சுத்தியல் இருக்கிறது. ஸ்க்ரூ இறுக ஆரம்பித்ததும் அந்தச் சுத்தியல் பின்வாங்கி, சுழன்று வந்து, பிட்டைப் பிடித்திருக்கும் தண்டின் காதில் பக்கவாட்டில் அடிக்கிறது. நிமிடத்துக்கு 3000 அடிக்கு மேல் அடிக்கும் மெஷின்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. சுவரைத் துளைக்கும் ஹேமர் ட்ரில்லில் அடி முன்னோக்கி விழும். இதில் அடி முழுக்கச் சுழலும் திசையில்தான். அதனால்தான் உங்கள் கைக்கு உதறல் தெரியாமல் நீள ஸ்க்ரூ இறங்குகிறது. ஆனால் கைக்குத் தெரியாத அந்த உதறலையெல்லாம் நடுவில் இருக்கும் பிட் வாங்கிக்கொள்கிறது. கையால் திருகும் ஸ்க்ரூட்ரைவருக்காகச் செய்த பிட்டை இதில் மாட்டினால், அது பழகாத அடியை நொடிக்கு ஐம்பது தடவை தாங்க வேண்டும்.

கெட்டுப்போன பிட்களைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு ராத்திரி அவற்றை மேசையில் கொட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உண்மையான பாடம் அங்கேதான் தொடங்கியது. முதலில் கண்ணில் பட்டது, ப்ளஸ் பிட்டின் நாலு இறக்கைகளிலும் ஒரு பக்கம் மட்டும்தான் உருண்டு மழுங்கியிருந்தது. இறுக்கும்போது ஸ்க்ரூவைத் தள்ளும் பக்கம் அது. கழற்றும்போது தள்ளும் மறுபக்கம் புதிது போலவே கூர்மையாக இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் பிட் நன்றாக இருப்பது போலத் தோன்றுவது இதனால்தான். இரண்டாவது, எல்லாப் பிட்டும் ஒரே மாதிரி சாகவில்லை. சிலவற்றில் இறக்கைகள் அப்படியே ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு சாய்ந்திருந்தன. சிலவற்றில் ஒரு இறக்கை வேரோடு பெயர்ந்து போயிருந்தது; உடைந்த இடம் சர்க்கரையை உடைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது.

இந்த இரண்டு சாவுக்கும் காரணம் வேறு. முறுக்கிக்கொண்ட பிட் மென்மையான இரும்பு. பெயர்ந்து உடைந்த பிட் அளவுக்கு மீறிக் கடினமாக்கியது. இரும்பின் பதம் என்பது எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிற பேரம். கடினம் கூடினால் தேய்மானம் குறையும், ஆனால் அடி தாங்காமல் உடையும். கடினத்தைக் குறைத்தால் உடையாது, ஆனால் சீக்கிரம் மழுங்கும். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி என்ற அளவுகோலில் நல்ல பிட்கள் பெரும்பாலும் 54 முதல் 62 வரைக்குள் இருக்கும். இம்பாக்ட் வேலைக்கென்று செய்பவர்கள் கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உடையாமல் அடி தாங்கும் தன்மையைக் கூட்டுகிறார்கள். பிட் மேல் எஸ்2 என்று பொறித்திருந்தால் அது அதிர்ச்சி தாங்குவதற்கென்றே உள்ள கருவி எஃகு வகை; சிலிக்கானும் மாலிப்டினமும் கலந்தது. குரோம் வெனடியம் என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் கைவேலைக்கான பிட். எஸ்2 என்று போட்டதெல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது. எஃகு சரியாக இருந்தும் சுட்டுப் பதப்படுத்தியது சரியில்லை என்றால் பயனில்லை. ஒரே பெட்டியில் வந்த ஒரே அளவுப் பிட்களில் ஒன்று முறுக்கிக்கொண்டதும் இன்னொன்று உடைந்ததும் என் டப்பாவிலேயே இருந்தது. பதம் ஒரு சீராக இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் எனக்கு வந்த நஷ்டத்தில் பெரும் பங்குக்கு எஃகு காரணம் இல்லை. அதே ராத்திரி ஒரு புது ஸ்க்ரூவையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ப்ளஸ் குழியின் நாலு கைகளுக்கும் நடுவில், மூலைவாட்டில், நாலு மெல்லிய கீறல்கள் இருந்தன. அது பிலிப்ஸ் தலை இல்லை, போசிட்ரைவ் தலை. நான் மாட்டியது பிலிப்ஸ் பிட். இரண்டும் ப்ளஸ் மாதிரிதான் இருக்கும், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகவும் செய்யும். பிலிப்ஸ் 1930களில் வந்தது, கார் உற்பத்தியில் பெயர் வாங்கியது. அதன் இறக்கைகள் நுனியை நோக்கிச் சரிந்து குறுகும். அதனால் முறுக்கு ஏற ஏற, பிட்டைக் குழியிலிருந்து வெளியே தள்ளும் விசையும் ஏறும். போசிட்ரைவ் 1960களில் வந்த மேம்பாடு. அதன் இறக்கைகளின் பக்கங்கள் ஏறக்குறைய இணையாக இருக்கும். இடையில் நாலு சிறு முகடுகளும் உண்டு. அந்தக் குழியில் பிலிப்ஸ் பிட்டை வைத்தால் ஆடும். நாலு பக்கமும் முழுதாக ஒட்டாமல் நுனி மட்டும் தொடும். மொத்த அடியும் அந்த நுனியில் விழும். கையால் திருகும்போது இது தெரியாது. நிமிடத்துக்கு 3000 அடி விழும்போது நாலைந்து ஸ்க்ரூவிலேயே தெரிந்துவிடும்.

ஸ்க்ரூ வந்த அட்டைப் பெட்டியில் இது சின்ன எழுத்தில்கூட இல்லை. அளவும் எண்ணிக்கையும் மட்டும்தான் போட்டிருந்தார்கள். மறுநாள் போசிட்ரைவுக்கான பிஇசட் 2 பிட் வாங்கி அதே ஸ்க்ரூவில், அதே மெஷினில் இறக்கினேன். வழுக்கல் நின்றுபோனது. அதுவும் ஒன்றும் விலை கூடிய பிட் இல்லை. எனக்கு அழுகையே வந்தது என்று சொன்னால் மிகையில்லை. அத்தனை பலகைகளையும் கெடுத்த பிறகு தெரிந்த விஷயம் அது. ஆகவே பிராண்டு, விலை, பூச்சு எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் ஸ்க்ரூ தலையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மூலைக் கீறல் இருந்தால் பிஇசட், இல்லாவிட்டால் பிலிப்ஸுக்கான பிஎச். பிட்டைக் குழியில் வைத்து, மெஷின் இல்லாமல் விரலால் ஆட்டிப் பாருங்கள். சரியான பிட் அசையாது. காந்தம் இல்லாத பிட்டில்கூட ஸ்க்ரூவைக் கிடைமட்டமாகப் பிடித்தால் ஒரு நொடியாவது நிற்கும். இடமும் வலமும் 'கிடுகிடு' என்று ஆடினால் வகையோ அளவோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். பிஎச் 1, பிஎச் 2, பிஎச் 3 என்று அளவு மாறுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். சிறிய பிட்டும் போகத்தான் போகும், ஆனால் குழியைக் கடைந்துவிடும். இன்னொரு விஷயம், பெயின்ட் அடித்த, பூச்சு கனமான ஸ்க்ரூக்களில் குழிக்குள் பூச்சு தேங்கி உறைந்திருக்கும். பிட் முழு ஆழத்துக்கு இறங்காது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு இறக்கினால் அந்த ஸ்க்ரூவும் பிழைக்கும், பிட்டும் பிழைக்கும்.

தேர்வு உங்கள் கையில் இருக்கும் என்றால், நீள ஸ்க்ரூவுக்குப் ப்ளஸ் தலையே வேண்டாம் என்பேன். பாதித் தளம் முடிந்த பிறகு மிச்சத்துக்கு டார்க்ஸ் தலை ஸ்க்ரூக்களுக்கு மாறினேன். ஆறு முனை நட்சத்திரக் குழி. 1967இல் அறிமுகமான வடிவம். அதன் சுவர்கள் நேராக நிற்பதால் பிட்டை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய இல்லை. அடி ஆறு இடத்தில் பகிர்ந்து விழுகிறது. கனடாவில் 1908இலேயே ராபர்ட்சன் கொண்டுவந்த சதுரக் குழியும் இதே குணம் உள்ளதுதான். டார்க்ஸ் ஸ்க்ரூ விலை கொஞ்சம் கூட. ஆனால் மழுங்கிய ஸ்க்ரூ ஒன்றைத் தோண்டி எடுக்க ஆகும் நேரத்தை நினைத்தால் அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டார்க்ஸ் அளவுகளில் டி25 நட்சத்திரம் முனைக்கு முனை ஏறக்குறைய 4.4 மில்லிமீட்டர், டி20 ஏறக்குறைய 3.9. டி20 பிட் டி25 குழிக்குள் சுலபமாகப் போய்விடும், சுற்றவும் செய்யும். கொஞ்சம் இறுகியதும் முனைகளை உருட்டிவிடும். 5 மில்லிமீட்டர் மர ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் டி25, 4 மில்லிமீட்டருக்கு டி20, 6 மில்லிமீட்டருக்கு டி30 என்று வரும். ஆனாலும் விரலால் ஆட்டிப் பார்ப்பதை விடாதீர்கள்.

வகை சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, எந்தப் பிட் அதிகம் உழைக்கும் என்பதை நானே ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். மிச்சமான மரத் துண்டுகளில், ஒரே அளவு முன்துளை போட்டு, ஒரே பெட்டி ஸ்க்ரூ, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, ஒரே வேகம் என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் செய்து பார்ப்பதென்றால் இந்த நாலும் மாறக் கூடாது, ஒவ்வொரு தடவையும் புது ஸ்க்ரூவாக இருக்க வேண்டும். ஒரு தடவை இறக்கிக் கழற்றிய ஸ்க்ரூவின் குழி ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். அதில் வழுக்கினால் குற்றம் பிட்டுடையதா ஸ்க்ரூவுடையதா என்று சொல்ல முடியாது. எத்தனை ஸ்க்ரூ இறங்கியது என்பதைவிட, கடைசியாக இறங்கிய ஸ்க்ரூக்களின் குழி எப்படி இருக்கிறது என்பதைப் பார்ப்பதுதான் எனக்கு உபயோகமாக இருந்தது.

நடு இடுப்பு ஒடுங்கின பிட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஒடுங்கின பாகம் ஒவ்வொரு அடிக்கும் இம்மி அளவு முறுக்கிக்கொடுத்து மறுபடி நேராகும். அடியின் உச்சம் நுனிக்குப் போகுமுன் கொஞ்சம் தணிந்துவிடும். மகீட்டாவின் இம்பாக்ட் கோல்டு, மில்வாக்கியின் ஷாக்வேவ், டிவால்ட்டின் ஃபிளெக்ஸ்டார்க், வேராவின் இம்பாக்டர் எல்லாம் இந்த எண்ணத்தில் செய்தவைதான். நீள ஸ்க்ரூவில் இந்த இடுப்பு ஒடுங்கின வகைக்கும் சாதாரண வகைக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. சாதாரணப் பிட்டின் இறக்கை பெயர்ந்த வேலையில் இவை தேய்ந்ததோடு நின்றன. 30, 40 மில்லிமீட்டர் ஸ்க்ரூக்களை மென்மையான மரத்தில் இறக்கும்போது எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும் சாதாரண எஸ்2 பிட்டே போதும், கூடுதல் காசு வீண். இடுப்பு ஒடுங்கியிருந்தும் எஃகு சரியில்லாத மலிவுப் பிட் ஒன்று இடுப்பிலேயே ஒடிந்தது. வடிவத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நுனியில் வைரத் தூள் ஒட்டிய பிட் ப்ளஸ் தலையில் நன்றாகக் கவ்வுகிறது. ஆனால் அந்தச் சொரசொரப்பு ஸ்க்ரூவின் பூச்சைச் சுரண்டுவதையும் பார்த்தேன். மழையில் நனையும் இடத்தில் இதை யோசிக்க வேண்டும். டார்க்ஸ் பிட்களைப் பொறுத்தவரை, அதே வேலையில் ப்ளஸ் பிட்கள் மாறி மாறித் தேய்ந்துகொண்டிருக்க, இவை கிட்டத்தட்ட புதிதாகவே இருந்தன. என்னைக் கேட்டால் குழியின் வடிவம் முதலில், பொருத்தம் இரண்டாவது, எஃகும் பதமும் மூன்றாவது. பிராண்டு அதற்கும் பிறகுதான்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொன் நிறம் உண்மையில் டைட்டானியம் நைட்ரைடு பூச்சாக இருந்தால் அது மிகக் கடினமான, மிக மெல்லிய படலம். தேய்மானத்தை ஓரளவு தள்ளிப்போடும். அடியில் இருக்கும் எஃகு மென்மையாக இருந்தால் பூச்சு அதைக் காப்பாற்றாது. எனக்கு வந்த பொன் நிறம் முதல் நாளே விரலில் ஒட்டாத குறையாகக் கழன்றது. கறுப்பு நிறம் பெரும்பாலும் துரு பிடிக்காமல் இருப்பதற்கு. சந்தேகம் இருந்தால் புதிய சின்ன அரத்தால் பிட் நுனியின் ஓரத்தில் லேசாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கடினமான பிட்டில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். வெண்ணெய் போலச் சீவி எடுத்தால் அந்தப் பிட்டைக் கைவேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இதை எழுதும்போதுகூட உடம்பு சிலிர்க்கிற ஒரு சம்பவம். கூரைச் சட்டத்தில், தலைக்கு மேல் கையைத் தூக்கி ஒரு ஸ்க்ரூவை இறக்கிக்கொண்டிருந்தபோது பிட்டின் நுனி உடைந்து பறந்து பாதுகாப்புக் கண்ணாடியில் மோதியது. 'டிக்' என்று ஒரு சத்தம்தான். இறங்கிப் பார்த்தால் இடது கண்ணுக்கு நேரே நெல்மணி நீளத்துக்குக் கீறல். கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது. அன்று முழுவதும் மெஷினைத் தொடவில்லை. கடினமான எஃகு உடையும்போது வளையாது, தெறிக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரே ஒரு ஸ்க்ரூகூட வேண்டாம். சத்தமும் அப்படித்தான். இந்த மெஷின்களின் அடிச் சத்தம் 85 டெசிபெல்லைச் சுலபமாகத் தாண்டும். நாள் முழுக்கக் கேட்டால் காதைக் கெடுக்கும் அளவு அதுதான். காது அடைப்பான் மலிவு.

நீளத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெஷினின் வாய் கால் அங்குல அறுகோணம், அதாவது 6.35 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் பிட்டில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும்; மெஷின் வாயில் உள்ள குண்டு அதில் விழுந்து பிடித்துக்கொள்ளும். 25 மில்லிமீட்டர் குட்டைப் பிட்டில் அந்தப் பள்ளம் இருக்காது. அதைக் காந்த ஹோல்டரில் செருகி மாட்ட வேண்டும். ஹோல்டர் சேர்ந்தால் இணைப்பு ஒன்று கூடுகிறது, ஆட்டமும் கூடுகிறது. மெஷினை மெதுவாகச் சுழலவிட்டு நுனியைப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியில் நிற்காமல் சிறு வட்டம் போட்டால் ஸ்க்ரூ தலையைக் கடையப்போகிறது என்று அர்த்தம். ஹோல்டர் வேண்டும் என்றால் இம்பாக்டுக்கென்று செய்ததாக வாங்குங்கள். சாதாரண ஹோல்டரின் கழுத்து பிளந்து, குட்டைப் பிட் உள்ளேயே சிக்கிக்கொண்டு நான் பட்ட அவஸ்தை போதும். 100, 150 மில்லிமீட்டர் நீளப் பிட்களை மூலைமுடுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிடிக்கிற கையும் சரியாக இருக்க வேண்டும். மெஷின் ஸ்க்ரூவுக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும், பின்னாலிருந்து உடம்பு எடையோடு அழுத்த வேண்டும். வழுக்கலில் பாதி அழுத்தம் போதாததால் வருவது. தொடக்கத்தில் மெதுவாக, ஸ்க்ரூவின் நூல் (மரை) மரத்தைக் கவ்விய பிறகு வேகமாக, தலை உட்காரும் நேரத்தில் மறுபடி மெதுவாக. மெஷினில் வேகம் மாற்றும் பொத்தான் இருந்தால் சின்ன ஸ்க்ரூவுக்குக் குறைந்த வேகம் வையுங்கள். கெட்டி மரத்தில் முன்துளை போடுவதும், ஸ்க்ரூ நூலில் மெழுகு தேய்ப்பதும் பிட்டின் ஆயுளைக் கூட்டியதை நேரிலேயே கண்டேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவுக்கு இது இன்னும் முக்கியம், அதன் தலை சாதாரண ஸ்க்ரூவைவிட மென்மையானது. தொடர்ந்து நீள ஸ்க்ரூ இறக்கினால் பிட் தொட முடியாத அளவுக்குச் சுடும். இரண்டு பிட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வேலை செய்யலாம். மழுங்கிய நுனியைக் கிரைண்டரில் கொடுத்துத் தீட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சூட்டில் நுனி நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விட்டது, அப்புறம் அது வெறும் இரும்புத் துண்டு.

பிட் என்பது ரம்பப் பட்டை மாதிரி தேய்ந்து தீரும் சாமான் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. பிட் தேய்ந்ததால் எனக்கு வந்த நஷ்டம் சொற்பம். தேய்ந்த பிட்டை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓட்டினால் அது ஸ்க்ரூவைத் தின்னும், ஸ்க்ரூ பலகையைத் தின்னும், பலகை ஒரு நாள் வேலையைத் தின்னும். இறக்கை ஓரத்தில் வெளிச்சம் பட்டு வெள்ளைக் கோடு மின்ன ஆரம்பித்தால், குழியில் பளபளவென்று உலோகத் தூள் படிந்தால், முன்பைவிடக் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தால், மாற்றிவிடுங்கள். பலவகைப் பிட்கள் அடங்கிய பெரிய செட்டைவிட, நீங்கள் உபயோகிக்கும் இரண்டு அளவில் பத்துப் பத்தாக வரும் பாக்கெட் வாங்குவது லாபம். பெரிய செட்டில் முக்கால்வாசிப் பிட்களை நான் இன்றுவரை தொடவே இல்லை.

கூரைக்கு வந்தபோது பிட் மாறியது. ஷீட்டுக்குத் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் அறுகோணத் தலை ஸ்க்ரூ, 5.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு, தலையை வெளியிலிருந்து கவ்வும் 8 மில்லிமீட்டர் நட் பிட். அதன் அடியில் காந்தம் இருக்கும். இரும்புச் சுருளும் தூளும் அந்தக் காந்தத்தில் அப்பிக்கொண்டு, தலை முழுதாக உள்ளே போகாமல் தடுக்கும். அரைகுறையாகக் கவ்விய நட் பிட் தலையின் ஆறு மூலைகளையும் உருட்டிவிடும். ஒவ்வொரு சில ஸ்க்ரூவுக்கும் ஒரு தடவை துடைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்த ஸ்க்ரூவை முழு வேகத்தில் விட்டால் இரும்பைத் துளைக்கும் முன்பே அதன் முனை சூடேறிக் கருகிவிடும். பாதி விசைதான் சரி. சட்டத்தில் துளை போட அறுகோணத் தண்டுள்ள ட்ரில் பிட்டையும் இதில் மாட்டிப் பார்த்தேன். தண்டோடு இணையும் இடத்தில் பட்பட்டென்று ஒடிந்தது. மெல்லிய ட்ரில் பிட்டுக்கும், கோபால்ட் கலந்த ட்ரில் பிட்டுக்கும் இந்த அடி ஆகாது. துளைக்கச் சாதாரண ட்ரில், இறக்க இம்பாக்ட் என்று இரண்டு மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டபோதுதான் வேலை ஓடியது. நட்டைக் கவ்வும் ஸாக்கெட் மாட்டுவதென்றாலும் பளபளக்கும் குரோம் ஸாக்கெட் வேண்டாம், கறுப்பு இம்பாக்ட் ஸாக்கெட்தான்.

ஏற்கெனவே தலை மழுங்கிய ஸ்க்ரூ நிற்கிறது என்றால், முதலில் மெஷினைத் தள்ளி வையுங்கள். ஒரு புதுப் பிட்டை எடுத்து, நுனியில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் (சொரசொரப்பான பசை) ஒரு பொட்டு வைத்து, குழியில் நிறுத்தி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி உட்கார வைத்துவிட்டு, கைப்பிடி ஸ்க்ரூட்ரைவரில் மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ரப்பர் பேண்டு வைத்துத் திருகும் வித்தை எனக்குப் பெரிதாக உதவவில்லை. தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் லாக்கிங் பிளையரால் கவ்வித் திருப்புவதுதான் சுலபம். இரண்டும் பலிக்காவிட்டால், கெட்ட ஸ்க்ரூவைக் கவ்விக் கழற்றும் இடதுமரை எக்ஸ்ட்ராக்டர். அதை ட்ரில் ட்ரைவரில் குறைந்த வேகத்தில், எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். இம்பாக்ட் ட்ரைவரில் மாட்டினால் எக்ஸ்ட்ராக்டரே உள்ளே ஒடியும், அதைத் துளைத்து எடுக்க எந்தச் சாதாரண ட்ரில் பிட்டாலும் முடியாது. அதுவும் நடக்காவிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட்டுப் பலகையை உயர்த்துங்கள். கீழே நீட்டிக்கொண்டு நிற்கும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகினால் முக்கால்வாசி நேரம் வந்துவிடும், பலகையும் பிழைக்கும்.